ஓட்டப் பாதைக்கு ஓர் ஆணி

மாரத்தான் ஓட்டம் 42.195 கி.மீ. என்பது நாம் அறிந்ததே. 1981-இல் நியூயார்க்கில் ஆல்பர்ட்டோ சலாசர் அதை 2 மணி 8 நிமிடம் 13 விநாடியில் ஓட, உலக சாதனை என்று கொண்டாடினார்கள். பின்னர் பாதையைத் திரும்ப அளந்தால் சுமார் 148 மீட்டர் குறைவு! சாதனை போயிற்று. ஓடினவர் மேல் என்ன தப்பு?

திரும்ப அளக்க வேண்டுமானால் ஆரம்பமும் முடிவும் எந்த இடம் என்று ரோட்டிலேயே தெரிய வேண்டும். பெயிண்ட் போதாதா என்பார்கள். டயர் தேய்த்து, மழை கழுவினால் பெயிண்ட் போயே போச்சு. ஆகவே வாஷர் கோத்த கான்கிரீட் ஆணியைத் தலை மட்டமாக இறங்கும்வரை அடிக்கிறார்கள். ஓடுபவர் காலிலும் தட்டாது.

ரோடு புதுசாகப் போட்டால் ஆணியும் உள்ளே போய்விடுமே? இங்கேதான் நம் சர்வே பாடம் கை கொடுக்கிறது. ஆணியிலிருந்து விளக்குக் கம்பம், சிறுபாலத்தின் மூலை, கட்டட மூலை என மூன்று இடங்களுக்கு டேப் பிடித்து, படம் போட்டு எழுதி வைக்க வேண்டும். இரண்டு அளவு இருந்தாலே இரு வில் வரைந்து, வெட்டும் இடத்தைப் பிடிக்கலாம். மூன்றாவது எதற்கு? கம்பத்தைப் பிடுங்கி வேறிடத்தில் நட்டிருந்தால் கண்டுபிடிக்கத்தான். 'டீக்கடை எதிரே' என்று மட்டும் எழுதினால் பிரயோஜனமில்லை.

பாதையை அளப்பது ஜோன்ஸ் கவுன்ட்டர் மாட்டிய சைக்கிள். அதைச் சரிபார்க்க, நேரான ரோட்டில் ஸ்டீல் டேப்பால் 300 மீட்டர் அளந்து இரு முனையிலும் ஆணி அடிப்பார்கள். என்னைக் கேட்டால் இந்த இரண்டு ஆணிதான் ரொம்ப முக்கியம். டேப் 20 டிகிரிக்கு உரியது. 35 டிகிரி வெயிலில் 300 மீட்டருக்கு ஏறக்குறைய 5 செ.மீ. நீளும். திருத்தம் போடாமல் ஆணி அடித்தால் அந்த 5 செ.மீ., மாரத்தான் முழுவதற்கும் 7 மீட்டராக வளர்ந்து நிற்கும்.