டர்போ டீசல் எஞ்சினைத் தெரிந்துகொள்வோம்

நம்மில் பலர் தில்லியில் வண்டி ஓட்டிப் பிழைக்கிறோம். சிலர் வாடகைக் கார் ஓட்டுகிறோம். சிலர் முதலாளி வீட்டுக் கார் ஓட்டுகிறோம். கிளட்ச், கியர், பிரேக் எல்லாம் நமக்கு அத்துப்படி. ஆனால் பானெட்டைத் தூக்கினால் உள்ளே இருப்பது மெக்கானிக்கின் உலகம் என்று விட்டுவிடுகிறோம். அவர் "டர்போ போய்விட்டது" என்கிறார். நாம் தலையை ஆட்டுகிறோம். கேட்ட பணத்தைக் கொடுக்கிறோம்.

டர்போ என்றால் என்ன? அது ஏன் கெடுகிறது? கெடாமல் பார்த்துக்கொள்ள ஓட்டுநரால் முடியுமா? முடியும். பெரும்பாலும் அது ஓட்டுநர் கையில்தான் இருக்கிறது.

மானேசரில் செய்த எஞ்சின்

தில்லிக்குப் பக்கத்தில், அரியானாவில், மானேசர் என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஒரு டீசல் எஞ்சினைச் செய்தார்கள். இத்தாலி நாட்டு ஃபியட் நிறுவனம் 2003ல் கொண்டுவந்த எஞ்சின் அது. 2007ல் மாருதி ஸ்விஃப்ட் காரில் வந்தது. பிறகு டிசையரிலும் ரிட்ஸிலும் வந்தது. புனே பக்கம் ரஞ்சன்காவ் ஆலையில் செய்த இதே எஞ்சின் டாடா இண்டிகா விஸ்டாவில் இருந்தது. இத்தனை கார்களில் இருந்ததால் இதை "தேசிய எஞ்சின்" என்றே சொன்னார்கள். 2020 ஏப்ரலில் புதிய புகை விதி வந்தபோது மாருதி நிறுவனம் டீசல் கார் விற்பதை நிறுத்திவிட்டது. ஆனால் முன்பு விற்ற கார்கள் எத்தனையோ ஓடிக்கொண்டிருக்கின்றன. நீங்கள் ஓட்டுவதும் இதுவாக இருக்கலாம். வேறு டர்போ டீசல் என்றாலும் இந்தப் பாடம் பொருந்தும்.

இதன் அளவுகளைப் படிப்போம்.

சிலிண்டர்: 4
கொள்ளளவு: 1248 சிசி
திறன்: 75 குதிரைத் திறன், 4000 சுற்றில்
இழுவை: 190 நியூட்டன் மீட்டர், 2000 சுற்றில்

கடைசி வரியைக் கவனியுங்கள். சுற்று என்றால் எஞ்சின் ஒரு நிமிடத்தில் எத்தனை முறை சுழல்கிறது என்ற கணக்கு. 2000 சுற்று வந்தால்தான் இந்த எஞ்சினுக்கு முழு இழுவை கிடைக்கும். மேம்பாலம் ஏறும்போது வண்டி முதலில் சோம்பலாக இருக்கும். பிறகு யாரோ பின்னால் இருந்து தள்ளுவது போலப் பாயும். பார்த்திருப்பீர்கள். அது கோளாறு அல்ல. அப்போதுதான் டர்போ முழு வேகம் பிடிக்கிறது.

டர்போ என்ன செய்கிறது?

கொல்லன் உலையில் துருத்தி இருக்கும். துருத்தி காற்றை ஊதினால் நெருப்பு சீறும். டர்போவும் ஒரு துருத்திதான்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. உள்ளே வந்த காற்றை எஞ்சின் பதினேழில் ஒரு பங்குக்கும் குறைவாக அமுக்குகிறது. அமுக்கிய காற்று கொதிக்கக் கொதிக்கச் சூடாகிறது. அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்கிறது. காற்று அதிகம் இருந்தால் டீசலும் அதிகம் எரியும். இழுவை கூடும்.

அந்த அதிகக் காற்றைத் தருவது டர்போ. அதில் ஒரே கம்பியின் இரு முனையிலும் இரண்டு சிறு சக்கரங்கள் உண்டு. எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது. மறு சக்கரமும் சேர்ந்து சுற்றிக் காற்றை உள்ளே தள்ளுகிறது. வீணாகப் போகும் புகையை வேலை வாங்குகிறார்கள், அவ்வளவுதான்.

இது எவ்வளவு வேகமாகச் சுற்றும் தெரியுமா? நிமிடத்துக்கு 1 லட்சம் முறைக்கும் மேல். எந்தப் பம்பரமும் இப்படிச் சுற்றாது. இவ்வளவு வேகத்தில் அந்தக் கம்பி எதன் மேல் நிற்கிறது? எஞ்சின் ஆயிலின் மெல்லிய படலத்தின் மேல் மிதக்கிறது. ஆயில் இல்லாவிட்டால் சில நொடிகளிலேயே இரும்பும் இரும்பும் உரசும். டர்போ கெடுவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

சாவியைத் திருப்புவதற்கு முன்

ஜெய்ப்பூர் நெடுஞ்சாலையில் ஒரு தாபா. இளைஞர் ஒருவர் வேகமாக வந்து வண்டியை நிறுத்துகிறார். சாவியில் கை வைக்கிறார். பக்கத்தில் இருந்த மூத்த ஓட்டுநர் தடுக்கிறார்.

"உடனே அணைக்காதே தம்பி. ஒரு நிமிஷம் சும்மா ஓடட்டும்."

"டீசல் வீணாகுமே அண்ணே?"

"ஒரு நிமிஷத்துக்கு எவ்வளவு டீசல் போயிடும்? டர்போ போனா ஒரு மாசச் சம்பளம் போயிடுமே."

மூத்தவர் சொன்னது சரி. நெடுஞ்சாலையில் ஓடி வந்த டர்போ நெருப்பாகச் சுடும். எஞ்சினை அணைத்தால் ஆயில் ஓட்டம் நின்றுவிடும். நின்ற ஆயில் அந்தச் சூட்டில் கருகும். கருகிய கரி ஆயில் வரும் சிறு துளையை மெல்ல அடைக்கும். ஒரு நாளில் ஒன்றும் தெரியாது. ஆண்டுக் கணக்கில் இப்படியே செய்தால் ஒருநாள் டர்போ ஊளையிடும். நகரத்துக்குள் மெதுவாக வந்து நிறுத்தினால் இவ்வளவு காத்திருக்க வேண்டாம்.

காலையில் இதற்கு நேர்மாறு. சனவரிக் குளிரில் வண்டியைக் கிளப்பியவுடன் ஆக்சிலேட்டரை மிதித்து உறுமவிடாதீர்கள். ஆயில் டர்போவரை போய்ச் சேர நேரம் கொடுங்கள். சுருள் போன்ற மஞ்சள் விளக்கு அணைந்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். உள்ளே காற்றைச் சூடாக்கும் கம்பி தயார் என்பதற்கு அதுவே அடையாளம்.

ஆயிலைப் படிப்போம்

தில்லி மெக்கானிக்குகள் எஞ்சின் ஆயிலை "மோபில்" என்பார்கள். டப்பா மேல் 5டபிள்யூ-30 என்பது போல எண்கள் இருக்கும். முதல் எண் குளிருக்கு உரியது. அது சிறியதாக இருந்தால் குளிரிலும் ஆயில் சுலபமாக ஓடும். இரண்டாவது எண் எஞ்சின் சூடான பின் ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதைக் காட்டும். காரோடு தந்த புத்தகத்தில் எந்த எண் இருக்கிறதோ அதையே வாங்குங்கள். கடைக்காரர் "எல்லாம் ஒன்றுதான்" என்றால் நம்ப வேண்டாம்.

ஆயில் அளவை வாரம் ஒருமுறை பாருங்கள். சமதரையில், எஞ்சின் ஆறிய பிறகு பாருங்கள். அளவுக் கம்பியை உருவித் துடையுங்கள். திரும்பச் செருகி எடுங்கள். ஆயில் இரண்டு குறிகளுக்கு நடுவில் நிற்க வேண்டும். மேல் குறிக்கு மேலேயும் போகக் கூடாது. "கொஞ்சம் அதிகம் ஊற்றினால் நல்லதுதானே" என்று நினைக்கிறோம். நல்லதல்ல.

ஆயில் கறுப்பாக இருக்கிறதே என்று பயப்படாதீர்கள். டீசல் எஞ்சினில் புது ஆயிலும் சீக்கிரமே கறுத்துவிடும். கரியைத் தன்னிடம் இழுத்து வைப்பது அதன் வேலை. ஆனால் பால் கலந்த டீ போல இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். வண்டியை ஓட்டாதீர்கள்.

இந்த எஞ்சினுக்கு பொதுவாக 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொல்கிறார்கள். ஆனால் நெரிசலில் வண்டி நின்றுகொண்டே ஓடுகிறது. கிலோமீட்டர் ஏறுவதில்லை, எஞ்சின் மட்டும் உழைக்கிறது. தில்லிக்குள்ளேயே ஓடும் வண்டிக்கு முன்கூட்டியே மாற்றுவது நல்லது. ஓடும்போது ஆயில் குடம் போன்ற சிவப்பு விளக்கு எரிந்தால் உடனே ஓரம் கட்டுங்கள். அப்போது மட்டும் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காமல் எஞ்சினை அணையுங்கள்.

புகையைப் படிப்போம்

கறுப்புப் புகை வந்தால் காற்று போதவில்லை என்று பொருள். மே மாதத்தில் தில்லியில் புழுதிக் காற்று வீசும். காற்று வடிகட்டி அடைத்துக்கொள்ளும். அதைத் திறந்து பாருங்கள். டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்று போகும் ரப்பர் குழாயையும் பாருங்கள். அது கிழிந்தாலோ கிளிப் தளர்ந்தாலோ காற்று வழியிலேயே போய்விடும். வண்டி இழுக்காது. "உஸ்" என்று சத்தம் கேட்கும். கறுப்புப் புகை தள்ளும். இதைப் பார்த்துவிட்டுச் சிலர் டர்போவையே மாற்றச் சொல்கிறார்கள். குழாயின் விலை எங்கே, டர்போவின் விலை எங்கே! "முதலில் குழாயைக் கழற்றிக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. டர்போவிலிருந்து ஆயில் கசியலாம். எஞ்சினே தேய்ந்திருக்கலாம். தள்ளிப்போடாதீர்கள். கசிவு முற்றினால் சாவியை அணைத்த பிறகும் எஞ்சின் தன் ஆயிலையே எரித்து ஓடும். அரிதுதான், ஆனால் ஆபத்து.

குளிர்காலக் காலையில் சிறிது நேரம் வெள்ளைப் புகை வரலாம். சூடான பிறகும் வந்தால் கூலண்ட் உள்ளே கசிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியை மட்டும் திறக்காதீர்கள். முகம் வெந்துவிடும்.

தண்ணீர், இரு வகை

டீசலில் தண்ணீர் கலந்தால் அதைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் கெடும். டீசல் வடிகட்டியின் அடியில் தண்ணீர் தேங்கும். அதற்கென்று உங்கள் வண்டியில் ஒரு விளக்கு இருக்கலாம். அது எரிந்தால் தண்ணீரை வடித்துவிடச் சொல்லுங்கள்.

இன்னொன்று மழைநீர். மிண்டோ பாலத்தின் அடியில் மழை பெய்தால் நீர் தேங்குவது தில்லிக்காரர் எல்லாருக்கும் தெரியும். 2020 ஜூலை 19 அன்று அங்கே சரக்கு வண்டி ஓட்டுநர் ஒருவர் நீரில் சிக்கி இறந்தார். தண்ணீரின் ஆழம் தெரியாவிட்டால் இறங்காதீர்கள். காற்றுக்குழாய் வழியே தண்ணீர் உள்ளே போனால் எஞ்சினால் அதை அமுக்க முடியாது. உள்ளே கனெக்டிங் ராடு வளையும். தண்ணீரில் நின்ற வண்டியைத் திரும்ப ஸ்டார்ட் செய்து பார்க்கக் கூடாது. தள்ளி வெளியே கொண்டுவாருங்கள்.

பழைய வண்டி வாங்குபவர்களுக்கு

10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகள் தில்லியில் ஓடக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015ல் சொன்னது. 2018ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2025ல் அதே நீதிமன்றம் சில தளர்வுகளைத் தந்தது. விதி மாறி வருகிறது. எனவே விலை பேசும் முன் ஆர்.சி. புத்தகத்தில் பதிவான தேதியை நீங்களே படியுங்கள். விற்பவர் வாயால் சொல்வது போதாது. அன்றைய விதியைப் போக்குவரத்து அலுவலகத்தில் கேளுங்கள்.

பயிற்சி

உங்கள் வண்டியைப் பார்த்து நோட்டில் எழுதுங்கள்.

1. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள பதிவுத் தேதி என்ன?
2. காரின் புத்தகத்தில் சொல்லியுள்ள ஆயில் எண் என்ன?
3. கடைசியாக எத்தனை கிலோமீட்டரில் ஆயில் மாற்றினீர்கள்? அடுத்து எத்தனையில் மாற்ற வேண்டும்? கழித்துப் பாருங்கள்.
4. இன்று காலை அளவுக் கம்பியில் ஆயில் எங்கே நின்றது?
5. மெக்கானிக் "டர்போ போய்விட்டது" என்றால் அவரிடம் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகளை எழுதுங்கள்.