விலை கேட்டு அனுப்பிய டிராயிங்

கேள்வி: தேங்காய் உரிக்கும் இயந்திரம் தயாரிக்கிறேன். அதன் கியர் பெட்டி உறைக்கும் கத்தி பிடிப்பானுக்கும் டிராயிங், முப்பரிமாண ஸ்டெப் ஃபைல் இரண்டையும் மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் கோவையில் நான்கு பட்டறைகளுக்கு அனுப்பிக் கொட்டேஷன் கேட்டேன். ரகசிய ஒப்பந்தம் எதுவும் போடவில்லை. ஒருவருக்கு ஆர்டர் கொடுத்தேன். ரேட் அதிகம் என்று நான் விட்டுவிட்ட இன்னொரு பட்டறைக்காரர் இப்போது அதே பாகங்களைச் செய்து என் போட்டியாளருக்கு விற்கிறார். கேட்டால், “என் கொட்டேஷனை மற்றவரிடம் காட்டித்தானே நீங்கள் விலையைக் குறைத்தீர்கள்? நமக்குள் என்ன ரகசியம்?” என்கிறார். பதிப்புரிமைச் சட்டப்படி வழக்குப் போடலாமா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: வழக்குப் போடலாம். ஆனால் பதிப்புரிமையை மட்டும் நம்பிப் போட்டால் பாதி வழியில் மாட்டிக்கொள்வீர்கள். டிராயிங் ஒரு கலைப்படைப்பு என்று 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் ஒப்புக்கொள்கிறது. அழகாக இருக்க வேண்டும் என்றுகூட அது கேட்பதில்லை. தாளில் உள்ளதை முப்பரிமாணப் பொருளாகச் செய்வதும் நகலெடுப்பதுதான் என்கிறது 14ஆம் பிரிவு. இதோடு படிப்பதை நிறுத்தினால் வழக்கு ஜெயித்த மாதிரியே தோன்றும். ஆனால் 2012 திருத்தத்தில் 52ஆம் பிரிவில் ஓர் உட்பிரிவு சேர்ந்தது. ஒரு கருவியில் வேலைக்காக மட்டுமே அமைந்த பாகத்தைத் தொழில்நுட்ப வரைபடத்திலிருந்து தொழில்முறையில் செய்வது பதிப்புரிமை மீறல் ஆகாது என்கிறது அது. கியர் பெட்டி உறையும் கத்தி பிடிப்பானும் அதற்குள் அப்படியே பொருந்தும். 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டமும் கைகொடுக்காது. தோற்றத்தைத்தான் அது காக்கும், வெறும் இயந்திர அமைப்பைக் காக்காது. பதிவு செய்யத்தக்க வடிவமைப்பைப் பதியாமல் விட்டு, 50 தடவைக்கு மேல் தொழில்முறையில் பொருளாக்கிவிட்டால் பதிப்புரிமையே போய்விடும் என்ற பதிப்புரிமைச் சட்டத்தின் 15(2) பிரிவு வேறு இருக்கிறது. எல்என்ஜி டிரெய்லர்களின் பொறியியல் வரைபடங்கள் பற்றிய கிரையோகாஸ் – ஐநாக்ஸ் வழக்கில், ஒரு வரைபடம் பதிப்புரிமைக்குள் வருமா, வடிவமைப்புச் சட்டத்துக்குள் வருமா என்ற கேள்வியை விசாரணை நடத்தாமல் தொடக்கத்திலேயே முடித்துவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. சட்டம் படிப்பவர்களுக்கு நல்ல தீர்ப்பு. உங்களுக்கோ அது நீண்ட வாதம். அந்தப் பட்டறைக்காரர் உங்கள் ஃபைலையே வேறு யாருக்காவது அனுப்பியிருந்தால், அல்லது உங்கள் பெயரை அழித்துத் தன் பெயரைப் போட்டிருந்தால் மட்டும் பதிப்புரிமைக் கோரிக்கைக்கு உயிர் உண்டு. அதைத் துணைக் கோரிக்கையாக வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த ஃபைல் அவர் கைக்கு எதற்காகப் போனது? விலை சொல்வதற்கு. அந்தக் காரியத்தைத் தாண்டி அதைப் பயன்படுத்தியதுதான் தவறு. வணிக ரகசியத்துக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் கிடையாது. ஒன்று இயற்றலாம் என்று சட்ட ஆணையம் 2024இல் தன் 289ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. ஆனாலும் நம்பிக் கொடுத்த தகவலைத் துஷ்பிரயோகம் செய்வதை நீதிமன்றங்கள் வெகுகாலமாகவே தடுத்துவருகின்றன. உங்கள் நிலைமைக்கு மிக நெருங்கியது 1987இல் டெல்லி உயர் நீதிமன்றம் விசாரித்த ஜான் ரிச்சர்டு பிராடி வழக்கு. கால்நடைத் தீவனம் வளர்க்கும் இயந்திரத்துக்கு வெப்பத் தடுப்புப் பலகைகள் வாங்குவதற்காக டிராயிங்கும் தொழில்நுட்ப விவரங்களும் ஒரு நிறுவனத்துக்குப் போயின. ஆர்டர் போகவில்லை, அந்த நிறுவனமே அதே வகை இயந்திரத்தைச் செய்யத் தொடங்கியது. நீதிமன்றம் தடையாணை கொடுத்தது.

அந்த வழக்கில் ரகசியம் காக்க வேண்டும் என்ற நிபந்தனை வெளிப்படையாகவே இருந்தது, உங்களிடம் அது இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது இதைத்தான். அதற்குப் பதில் 1948இல் இங்கிலாந்தில் வந்த சால்ட்மன் தீர்ப்பில் இருக்கிறது. தோலில் துளையிடும் கருவிகளின் டிராயிங்கை இன்னொருவர் மூலமாகப் பெற்ற பட்டறை, தன் சொந்த வியாபாரத்துக்கு அதைப் பயன்படுத்தியது. உரிமையாளருக்கும் பட்டறைக்கும் நேரடி ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், என்ன காரியத்துக்குக் கொடுத்தது என்பதிலிருந்தே கடமை பிறக்கும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. இந்திய நீதிமன்றங்கள் அதைத் தொடர்ந்து மேற்கோள் காட்டுகின்றன. தடையாணை தொழில் செய்யும் உரிமையைப் பறிப்பதாகும், ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவு அனுமதிக்காது என்றும் அவர் வாதாடலாம். ஆனால் கியர் உறை செய்யக்கூடாது என்று அவரை யாரும் தடுக்கவில்லை. உங்கள் ஃபைலை வைத்துச் செய்யக்கூடாது என்பதுதான் கோரிக்கை.

இதைவிடக் கனமான வாதம் ஒன்று இருக்கிறது. உங்கள் இயந்திரம் சந்தையில் கிடைக்கிறது. வாங்கிப் பிரித்து அளந்து செய்தேன் என்று அவர் சொன்னால்? அப்படி உண்மையிலேயே செய்திருந்தால் அது சட்டப்படி சரியே. ஆனால் ஃபைல் கையில் இருந்ததால் அளக்கும் உழைப்பு மிச்சமானது என்றால் அந்த மிச்சம் அவருக்குச் சேராது. எனவே நிரூபிக்க வேண்டியது அவர் எங்கிருந்து செய்தார் என்பதுதான். அவர் செய்த பாகத்தைப் பில் போட்டு வாங்கி, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் அளந்து பாருங்கள். டிராயிங்கில் இருந்தும், நீங்கள் பின்னால் திருத்திவிட்டதால் சந்தைக்குப் போன இயந்திரத்தில் இல்லாத அளவு, பயனில்லாத ஒரு துளை, வழக்கத்துக்கு மாறான ஒரு ஆரம் ஆகியவை அவர் பாகத்தில் இருந்தால், சந்தையில் வாங்கி அளந்தேன் என்ற பேச்சு நிற்காது. இன்னொன்று: தடையாணை என்றென்றைக்கும் கிடைக்காது. நேர்வழியில் அளந்து செய்ய ஆகும் காலத்தை ஒட்டியே நீதிமன்றம் யோசிக்கும். மிச்சத்துக்கு நஷ்டஈடுதான் வழி.

கொட்டேஷன் பற்றி அவர் சொல்வதை லேசாகத் தள்ளிவிட முடியாது. மொத்தத் தொகையைச் சொல்லிப் பேரம் பேசுவது வியாபார வழக்கம். ஒப்பிடுவதற்குத்தானே நாலு பேரிடம் கேட்கிறோம். ஆனால் அந்தத் தாளில் இயந்திர மணிக்கணக்கு, ஃபிக்ஸ்சர் செலவு, வேலையின் வரிசை என்று பிரித்து எழுதியிருந்து, அதை அப்படியே போட்டிப் பட்டறைக்கு அனுப்பியிருந்தீர்கள் என்றால், அவருடைய தொழிலறிவை நீங்கள் கைமாற்றிவிட்டீர்கள். தடையாணை நீதிபதியின் விருப்புரிமை. கேட்பவரின் நடத்தையையும் அவர் பார்ப்பார். அப்படியே இருந்தாலும் பட்டறைக்காரருக்குக் கிடைப்பது உங்கள்மேல் தனிக் கோரிக்கையே தவிர, உங்கள் பாகத்தை விற்கும் அனுமதி ஆகாது. என்ன காட்டினீர்கள் என்பதை வழக்குரையில் நீங்களே சொல்லிவிடுங்கள். எதிர்த்தரப்பு எடுத்து நீட்டினால் வேறு மாதிரி ஆகிவிடும்.

அனுப்பிய மின்னஞ்சல், வாட்ஸ்அப் உரையாடல், அதிலிருக்கும் ஃபைல் எதையும் அழிக்காதீர்கள், மறுபடி திறந்து சேமிக்கவும் வேண்டாம். பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63ஆம் பிரிவின்படி மின்னணுச் சான்றோடு ஃபைல் மாறவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்புக் குறித்த சான்றிதழ் தர வேண்டும். கோரிக்கை 3 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் இருந்தால் வணிக நீதிமன்றம். அங்கே வழக்குக்கு முன் சமரச முயற்சி கட்டாயம், அவசர இடைக்கால நிவாரணம் கேட்டால் மட்டும் விலக்கு. ஆறு மாதம் சும்மா இருந்துவிட்டு அவசரம் என்று சொன்னால் எடுபடாமல் போகலாம். வக்கீல் நோட்டீஸை முதலில் அனுப்பும் வழக்கத்தையும் இந்த விஷயத்தில் நான் பரிந்துரைக்க மாட்டேன். நோட்டீஸ் போய்ச் சேர்ந்த அன்றே அவருடைய கணினியிலிருந்து உங்கள் ஃபைல் காணாமல் போகலாம். எதிர்த்தரப்புக்குத் தெரிவிக்காமலே வழக்கறிஞர் ஆணையரை அனுப்பிப் பட்டறைக் கணினியைப் பார்வையிடக் கோரும் மனுவை வழக்குரையோடு சேர்த்துத் தாக்கல் செய்யுங்கள்.