எண்ணிலேயே இருக்கிறது விலை

பிரித்தானியாவில் ஒரு தொலைபேசி எண் தன் விலையை முதல் இரண்டு மூன்று இலக்கங்களிலேயே சொல்லிவிடுகிறது. 01, 02 சாதாரண ஊர் எண்கள். 03-க்கும் அதே விலைதான். மாதப் பொதியில் நிமிடங்கள் இருந்தால் அதற்குள் அடங்கிவிடும். 0800, 0808 இலவசம், 2015 ஜூலை 1 முதல் மொபைலில் இருந்து எடுத்தாலும் இலவசம். 084 வந்தால் காசு தனியாக ஓடத் தொடங்குகிறது. 084-க்கு நிமிடத்துக்கு 7 பென்ஸ் வரை, 087-க்கு 13 பென்ஸ் வரை, 09-க்கு நிமிடத்துக்கு 3.60 பவுண்ஸ் வரை அல்லது ஓர் அழைப்புக்கு 6 பவுண்ஸ் வரை. இது எண்ணை வைத்திருப்பவர் வாங்கும் சேவைக் கட்டணம் மட்டும். இதற்கு மேல் உங்கள் சொந்தத் தொலைபேசிக் கம்பனி ‘அக்சஸ் சார்ஜ்’ என்று நிமிடத்துக்கு இன்னொரு தொகை எடுக்கும். மொபைலில் 087-க்கு எடுக்கும்போது இந்த இரண்டாவது தொகை முதலாவதைவிடக் கூடுதலாக இருப்பதுண்டு.

வடமேற்கு லண்டனில் நம்மவர் கூடும் ஒரு சமூக நிலையத்தில் சனிக்கிழமைகளில் கடிதம் வாசித்துச் சொல்வதும் படிவம் நிரப்பிக் கொடுப்பதும் என் பொறுப்பு. தொலைபேசிப் பில்லோடு அங்கே வருகிறவர்கள் சோதிடத்துக்கோ தொலைக்காட்சிப் போட்டிக்கோ அழைத்தவர்கள் அல்லர். ஓய்வூதியம், வரி, ஓட்டுநர் உரிமம், வங்கி அட்டை, இப்படி அவசியமான காரியத்துக்கு எடுத்தவர்கள். ஒரு அம்மா கேட்டார்: “தம்பி, நான் பென்ஷன் ஒஃபிசுக்குத்தானே எடுத்தனான். அவையளும் வடிவாக் கதைச்சவையள். பிறகேன் இவ்வளவு காசு?”

அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. கைபேசியில் அலுவலகத்தின் பெயரைத் தட்டித் தேடியிருக்கிறார். மேலே விளம்பரமாக வந்த பக்கத்தில் பெரிய எழுத்தில் ஓர் எண். அது அலுவலகத்தின் எண் அல்ல, நடுவில் நின்று இணைத்துவிடும் ஒரு கம்பனியின் 09 எண். அழைப்பு உண்மையான அலுவலகத்துக்கே போகிறது, உண்மையான அலுவலரே பேசுகிறார். ஆனால் அங்கே வரிசையில் காத்திருந்த நேரம், பேசிய நேரம், எல்லாம் அந்தக் கம்பனியின் கணக்கில் நிமிடம் நிமிடமாக ஏறுகிறது. உச்ச விலையில் 40 நிமிடம் என்றால் 144 பவுண்ஸ்.

இதில் என்னை உறுத்துவது, யார் அதிகம் கட்டுகிறார் என்பதுதான். ஆங்கிலம் சரளமாக வருகிறவர் ஐந்து நிமிடத்தில் முடிப்பதை, “சொறி, பிளீஸ் ஸ்லோலி” என்று திரும்பத் திரும்பக் கேட்டுப் பேசுகிறவர் முக்கால் மணி நேரம் பேசுகிறார். நிமிடக் கட்டணம் அவருடைய தயக்கத்துக்கே விலை போடுகிறது. தாங்கள் அந்த அலுவலகம் அல்ல என்பதையும் விலை என்ன என்பதையும் இப்படி இணைத்துவிடுகிறவர்கள் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று விதி இருக்கிறது. சொல்கிறார்கள், பக்கத்தின் அடியில், சிறிய ஆங்கில எழுத்தில். இலவசமாகக் கிடைக்கும் அரசு எண்ணுக்கு இணைத்துவிட்டுக் காசு வாங்கும் இந்தத் தொழிலையே நிறுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதுவரைக்கும் நம் பாதுகாப்பு ஒன்றுதான்: எண்ணை விளம்பரத்தில் எடுக்காமல், வந்த கடிதத்தின் தலைப்பிலோ வங்கி அட்டையின் பின்புறத்திலோ கவ்.யூகே தளத்திலோ எடுப்பது. வரி அலுவலகத்தின் உதவி எண்கள் 0300 என்றும், யுனிவர்சல் கிரெடிட் உதவி எண் 0800 என்றும் தொடங்குபவை. அரசு வேலைக்கு 09 என்று ஓர் எண் கண்ணில் பட்டால் அது இடைத்தரகர் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 118 என்று தொடங்கும் எண் விசாரணைச் சேவைகளிலும் கவனம் வேண்டும். 2019 ஏப்ரல் முதல் 90 விநாடிக்கு 3.65 பவுண்ஸ் என்று உச்ச வரம்பு வந்துவிட்டது, ஆனாலும் அது சின்னத் தொகை இல்லை. எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டு வையுங்கள். “இணைத்துவிடட்டுமா” என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சட்டத்தில் நமக்குச் சாதகமாக ஒன்று இருக்கிறது, பலருக்கு அது தெரியாது. 2014 ஜூன் 13 முதல் நடைமுறையில் உள்ள நுகர்வோர் ஒப்பந்த விதிகளின் 41ஆம் பிரிவு. ஒரு கடையிலோ கம்பனியிலோ ஏற்கெனவே பொருள் வாங்கியவர் அது பற்றிப் பேச அழைத்தால், சாதாரண அழைப்பின் விலைக்கு மேல் அவரிடம் வாங்கக் கூடாது. வாங்கினால், மேலதிகமாகப் போன தொகையைக் கம்பனி திருப்பித் தர வேண்டும் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. வங்கி, காப்புறுதி போன்றவற்றுக்கு நிதித்துறைக் கண்காணிப்பாளர் இதே மாதிரி விதியை 2015 அக்டோபரில் கொண்டுவந்தார். புதிதாக வாங்க அழைக்கும் விற்பனை எண்ணுக்கு இது பொருந்தாது. பழுதான சலவை இயந்திரத்துக்காக ஒருவர் 0871 எண்ணில் நெடுநேரம் காத்திருந்தார். பில்லின் பிரதியோடு, பிரிவின் எண்ணைக் குறிப்பிட்டு நாலு வரிக் கடிதம் எழுதினோம். காசு வந்தது. கோபமாக எழுதவில்லை, பிரிவின் எண்ணே போதுமாக இருந்தது.

குறுஞ்செய்தி வழியாகப் போகும் காசு வேறு வகை. ஐந்திலக்க எண் ஒன்றிலிருந்து செய்தி வரும், வாராவாரம் சில பவுண்ஸ் போகும். பேரப்பிள்ளை விளையாட்டுக்கிடையில் எதையோ அழுத்தியிருப்பான். இப்படியான சந்தாவுக்கு ஒரு அழுத்தல் போதாது, இரண்டு படியாகச் சம்மதம் பெற்றிருக்க வேண்டும். பில்லில் அந்தக் கட்டணம் இருக்கிறது என்று உறுதிப்படுத்திக்கொண்டு ‘ஸ்டொப்’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் அந்த எண்ணுக்கே அனுப்புங்கள். முன்பின் தெரியாத வேறு எண்ணிலிருந்து வரும் மோசடிச் செய்திக்குப் பதிலே போடாமல் 7726-க்கு அனுப்பிவிடுங்கள், அது இலவசம்.

காசு போய்விட்டால் யாரிடம் கேட்பது? முதலில் பில்லை எடுத்து எண்ணையும் திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண் யாருடையது என்று உங்கள் தொலைபேசிக் கம்பனியிடம் கேட்டு, அவர்களிடமே எழுத்தில் பணத்தைக் கேளுங்கள். “சம்மதம் எடுத்ததற்கு ஆதாரம் காட்டுங்கள்” என்ற வரியை நான் எப்போதும் சேர்ப்பேன். இணங்காவிட்டால் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஒஃப்கொம். முன்பு இதற்கென்று தனி அமைப்பு இருந்தது, போன்பே பிளஸ் என்றும் பிறகு பி.எஸ்.ஏ என்றும் பெயர் மாறியது. 2025 பெப்ரவரி 1 முதல் அந்தப் பொறுப்பு முழுவதும் ஒஃப்கொம்மிடம். பழைய பெயரில் தேடி வேறு பக்கங்களில் போய் நிற்காதீர்கள். ஒஃப்கொம் தனி ஆளின் வழக்கை எடுத்துப் பணம் வாங்கித் தராது, ஆனால் முறைப்பாடுகள் சேர்ந்தால் அந்த எண்ணை விசாரிக்கும். பிரச்சினை உங்கள் தொலைபேசிக் கம்பனியோடு என்றால், அவர்கள் இனி அசைய மாட்டோம் என்று எழுத்தில் தரும் ‘டெட்லொக்’ கடிதத்தைக் கேட்டு வாங்கி, நடுநிலை அமைப்புக்குப் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

வயதானவர்களின் மொபைலில் இரண்டு காரியங்களைச் செய்து வைக்கும்படி பிள்ளைகளிடம் சொல்கிறேன். 09, 118 அழைப்புகளையும் பில்லில் ஏறும் குறுஞ்செய்திக் கட்டணங்களையும் கம்பனியிடம் கேட்டு மறிப்பது ஒன்று. மாதப் பில்லுக்கு உச்ச வரம்பு வைப்பது மற்றது. 2018 அக்டோபர் முதல், புதிதாகச் சேர்வோருக்கும் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்போருக்கும் இந்த வரம்பு வேண்டுமா என்று மொபைல் கம்பனிகள் கேட்டாக வேண்டும். ஒன்றைச் செய்தால் மற்றது தானாக வராது, இரண்டையும் தனித்தனியே கேளுங்கள்.

ஓய்வூதியத்துக்கோ உதவித்தொகைக்கோ அழைக்கிறவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. சரியான 0800 எண்ணில் அழைத்து, தொடக்கத்திலேயே “ரமிழ் இன்ரர்பிரிற்றர், பிளீஸ்” என்று கேட்டால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். அதற்கும் காசில்லை. ஆறுதலாக, நம் மொழியிலேயே எல்லாவற்றையும் கேட்டு முடிக்கலாம்.