முதல் நோன்புக்கு முன்னால், தங்கச்சிக்கு

நேற்று அஸர் நேரம் நீ கிணற்றடியில் வுளு செய்ததை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். கோபிக்காதே. மூன்று வாளி அள்ளினாய், ஒரு வாளி முகத்துக்கே போயிற்று. ஆனால் குதிகால் இரண்டும் காய்ந்தபடி முஸல்லாவுக்கு ஓடினாய். அந்தக் குதிகாலைப் பற்றி ஒரு வார்த்தை எழுதத்தான் கொப்பியைத் திறந்தேன், எழுத எழுத நீண்டுவிட்டது. நீ மார்க்கத்துக்குப் புதிதாக வந்து, அடம்பனிலிருந்து எங்கள் பெரியமடுவுக்கு வந்த மூன்று மாதத்தில் ஆளாளுக்கு உனக்குச் சொன்ன புத்திமதி போதாதென்று, இந்த ராத்தாவும் தன் பங்குக்குச் சொல்கிறாள் என்று வைத்துக்கொள்.

வுளுவுக்கு ஒரு செம்பு போதும். ரஸூலுல்லாஹ் இரு கை சேர்த்து ஏந்துகிற அளவு தண்ணீரில் வுளு செய்தார்கள் என்று ஹதீஸில் இருக்கிறது. ஒரு லீற்றர்கூட வராது. எனக்கு இது கிதாபில் படித்து வந்த அறிவு இல்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை ஒட்டுமொத்தமாக வெளியேற்றியபோது எனக்கு எட்டு வயது. புத்தளத்தில் கிடுகுக் கொட்டில், அத்தனை குடும்பத்துக்கும் ஒரு கிணறு. உம்மா பால்மாப் பேணியால் அளந்துதான் தருவா. முகம், முழங்கை வரை கை, தலையில் ஒரு தடவல், கணுக்கால் வரை கால். அதற்குள் முடிக்க வேண்டும், மிஞ்சினால் தம்பிக்கு. முஸல்லா ஏது? கழுவிக் காயவைத்த உரச்சாக்கு. ஊர், வீடு, பள்ளி எல்லாம் கைவிட்டுப் போன பிறகும் எங்களிடம் மிச்சமிருந்தது கலிமாவும், பேணித் தண்ணீரும், அந்தச் சாக்கும்தான். நீயும் அந்த அளவிலிருந்தே தொடங்கு. மற்றதெல்லாம் மெதுவாக வரட்டும்.

கையோடு இதையும் கேள்: வயலால் வந்தால் நகத்துக்குள் இருக்கிற சேற்றை எடு. கியூடெக்ஸ் பூசினால் நகத்தில் தண்ணீர் படாது, வுளு சேராது. மருதோன்றி போடலாம், அது வெறும் நிறம். முகம், கை, தலை, கால் என்ற வரிசையை மாற்றாதே. குதிகாலை விரலால் ஒருதரம் உரசிவிடு.

ஈமானில் ஆறு விஷயம் என்று மௌலவி சொல்லித் தந்திருப்பார்: அல்லாஹ், மலக்குமார், வேதங்கள், நபிமார், மறுமை நாள், நன்மை தீமை எல்லாம் அவன் விதித்தபடி என்கிற கத்ர். ஆறையும் புதுப் பாடம் மாதிரி நினைத்து நீ மிரளுகிறாய். நீ கிறிஸ்தவக் கோயிலுக்குப் போய் வளர்ந்த பிள்ளை, பாதிப் பெயர்கள் உனக்குத் தெரிந்தவை. உங்கள் கபிரியேல் எங்களுக்கு ஜிப்ரீல் அலைஹிஸ்ஸலாம். ஆபிரகாம் இப்ராஹீம் நபி, மோசே மூஸா நபி. மரியாளின் பெயரில் குர்ஆனில் ஒரு சூராவே இருக்கிறது, 19ஆவது. ஈஸா நபி கன்னி மர்யமுக்குப் பிறந்தார் என்பதை நாங்களும் நம்புகிறோம். வழி பிரிகிற இடம், அவர் தூதர், மகன் அல்ல என்பது. அல்லாஹ்வுக்குப் பிள்ளையும் இல்லை, இணையும் இல்லை. கலிமாவின் முதல் பாதி அதுதான். முஹம்மது நபி அவனுடைய தூதர் என்பது மறுபாதி. யாராவது உன் பழைய வேதத்தை எள்ளி நகையாடினால் சேர்ந்து சிரிக்காதே. அப்படிச் சிரிக்க மார்க்கம் சொல்லவில்லை.

இனித் தொழுகை. ஃபாத்திஹா சூராவைத் தமிழில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டியிருக்கிறாய், கண்டேன். நல்ல எண்ணம்தான், ஆனால் தாளை மட்டும் நம்பாதே. அரபியில் இதயத்துக்கும் கல்பு, நாய்க்கும் கல்பு. எழுத்து வேறு, ஒலி வேறு. ஒன்று அடித்தொண்டையிலிருந்து வரும், மற்றது நம்முடைய சாதாரண ‘க’. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஆகவே காதால் படி. என் சின்னவன் மத்ரஸாவிலிருந்து வந்ததும் உன் வாசலுக்கு அனுப்புகிறேன், அவன் ஓதுவான், நீ பின்னால் ஓது. பிழை பிடிப்பதில் அவனுக்குப் பெரிய சந்தோஷம், பொறுத்துக்கொள். ஏழு வசனம், ஒரு நாளைக்கு ஒன்று. மனனமாகும் வரை ஸுப்ஹானல்லாஹ், அல்ஹம்துலில்லாஹ், அல்லாஹு அக்பர் என்று சொல்லித் தொழலாம். தெரியாது என்று தொழுகையை விடாதே.

சுபஹுக்கு 2 ரக்அத், ளுஹருக்கு 4, அஸருக்கு 4, மஃரிபுக்கு 3, இஷாவுக்கு 4. மொத்தம் 17. இவை பர்ளு, கட்டாயக் கடமை. ஸுன்னத்தெல்லாம் இப்போதைக்கு உன் கணக்கில் வேண்டாம். கிப்லா எங்கள் ஊரிலிருந்து நேர் மேற்கு அல்ல, மேற்கிலிருந்து கொஞ்சம் வடக்கே சாய வேண்டும். உன் அறையில் அது ஜன்னலின் வலது கட்டைப் பார்த்து வரும். ஒருதரம் நானே வந்து சோக்கால் கோடு போட்டுத் தருகிறேன்.

பெண்பிள்ளைகள் வெட்கத்தில் கேட்காமல் விடுகிற ஒன்று: ஹைளு என்கிற மாதவிடாய் நாட்களில் தொழுகை இல்லை, பிறகு திருப்பித் தொழவும் தேவையில்லை. நோன்பும் அந்த நாட்களில் இல்லை, ஆனால் விட்டதை அடுத்த ரமழானுக்குள் கழாவாகப் பிடிக்க வேண்டும். கலண்டரில் புள்ளி வைத்துக்கொள். நான் வைக்காமல் விட்டு, ஷஃபான் மாதத்தில் எத்தனை நாள் என்று தலையைப் பிய்த்த வருடங்கள் உண்டு.

அம்மா வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டாயாமே? யார் சொன்னது? பெற்றோர் வேறு மார்க்கமானாலும் அவர்களோடு நல்லபடி நடக்கச் சொல்வது குர்ஆனே. வணக்கத்தில் மட்டும்தான் கூடச் சேர முடியாது. அம்மா ஆக்கிய மீன் குழம்பைத் தயங்காமல் சாப்பிடு, மீனுக்கு அறுப்பு இல்லை. பன்றியும் சாராயமும் கூடாது, கோழி ஆடென்றால் ஹலாலா என்று பார். இங்கிருந்தே ஒரு கோழியை அறுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் அம்மாவுக்கும் சந்தோஷம். அப்பாவின் பெயரை உன் பெயரோடு வைத்துக்கொள், அதை மாற்றத் தேவையில்லை.

ஊர்க்கதை ஒன்றும் சொல்ல வேண்டும். ஒரு கலியாண வீட்டில் எனக்கு முன்னாலேயே ஒரு பெண் உன்னைப் பார்த்து, “இவ பிறவி முஸ்லிம் இல்லத்தானே” என்றா. எனக்கு வந்த ஆத்திரத்தில் புரியாணிச் சகனை விட்டே எழும்பிவிட்டேன். ஸஹாபாக்களில் முக்கால்வாசிப் பேரும் புதிதாக வந்தவர்கள்தானே! இன்னொன்று: சுபஹில் குனூத் ஓதுவார்கள் ஒரு பள்ளியில், ஓதமாட்டார்கள் இன்னொன்றில். ஷாஃபிஈ மத்ஹப் என்பார் ஒருவர், தவ்ஹீத் என்பார் மற்றவர். இந்தச் சண்டைக்குள் நீ நுழையாதே. ஒரு மௌலவியிடம் பாடம் கேள், மற்றவர்களுக்கு ஸலாம் சொல்லிவிட்டு நட. எது மார்க்கம், எது ஊர் வழக்கம் என்று கேட்கக் கூச்சப்படாதே. மருதோன்றி நிறத்திலிருந்து கந்தூரிச் சோறு வரை பாதி ஊர் வழக்கம்.

ஹஜ் வசதியுள்ளவருக்கு வாழ்நாளில் ஒருதரம், அதைப் பிறகு பார்ப்போம். சகாத்து மட்டும் இப்போதே தெரிந்துகொள், உன் வீட்டிலும் வயல் இருக்கிறதே. காசுக்கு வருடத்தில் நூற்றுக்கு இரண்டரை. நெல்லுக்கு வருடக் கணக்கில்லை, அறுவடையன்றே கணக்கு. மழையில் விளைந்தது நிஸாப் என்கிற குறைந்தபட்ச அளவைத் தாண்டினால் பத்தில் ஒன்று. பம்ப் வைத்துக் காசு செலவழித்து இறைத்த வயலுக்கு இருபதில் ஒன்று. உழைப்பும் எண்ணெய்க் காசும் கூடினால் கடமை பாதியாகிறது, பார். என் வாப்பா காலபோகத்து நெல்லை மூட்டை கட்டும்போதே பத்தாவது மூட்டையில் கரியால் புள்ளி வைப்பார். அது வீட்டுக்குள் வராது.

வருகிற கிழமை ரமழான் பிறை. கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் ஜம்இய்யத்துல் உலமா கூடி முடிவு சொல்லும், ரேடியோவில் வரும், பள்ளி ஸ்பீக்கரிலும் கேட்கும். நிய்யத்தை ஒவ்வொரு இரவும் சுபஹுக்கு முன் வைக்க வேண்டும். மனசால் நினைத்தாலே அதுதான் நிய்யத்து. ஸஹருக்கு உப்பும் உறைப்பும் குறை, தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்காமல் விட்டுவிட்டுக் குடி. நோன்பு திறக்க ஈத்தம்பழமும் தண்ணீரும் போதும். கஞ்சி எங்கள் வீட்டிலிருந்து வரும், சட்டியைத் திருப்பித் தரும்போது வெறுஞ்சட்டியாகத் தராதே, அது ஊர் வழக்கம். பிள்ளை உண்டாகியிருந்தால் என்னிடம் சொல், உனக்கு நோன்பை விட்டுப் பிறகு பிடிக்கச் சலுகை இருக்கிறது.

முதல் நாள் நாலு மணிக்கு வேலித் தகரத்தில் மூன்று தட்டுத் தட்டுவேன். எழும்பினால் குசினி லைற்றைப் போடு. போடாவிட்டால் தட்டிக்கொண்டே இருப்பேன்.