ஐயாற்றில் எதுவும் கூடுவதில்லை

அன்புள்ள தம்பி,

பணி ஓய்வுக்குப் பிறகு உன் தாத்தாவும் அப்பாயியும் தஞ்சாவூரிலிருந்து ஒருநாள் பயணமாகத் திருவையாற்றுக்குப் போனதையும், கோயில், தியாகராசர் சமாதி, படித்துறை எல்லாம் பார்த்தபின் ‘ஐந்து ஆறுகள் கூடும் இடம்’ எது என்று கேட்டுக் கேட்டு ஏமாந்து திரும்பியதையும் எழுதியிருந்தாய். அசோகா அல்வா வாங்க மறக்கவில்லையாம். அந்த மட்டில் பயணம் வீணாகவில்லை. ஆனால் நீ ‘திருவையாறுக்கு’ என்று எழுதியிருக்கிறாய். எண்ணாகிய ஆறுதான் ‘ஆறுக்கு’ ஆகும். தண்ணீர் ஓடும் ஆறு ‘ஆற்றுக்கு’ என்று இரட்டிக்கும். ஐயாறு என்றால் பழந்தமிழில் ஐந்து ஆறு முப்பது என்றும் பொருள் உண்டு. உன் கணக்கில் பெரியவர்கள் முப்பதுக்குப் போய்வந்திருக்கிறார்கள்!

போகட்டும். அவர்கள் தேடிய இடம் அகப்படாததற்குக் காரணம் அப்படி ஓர் இடமே இல்லை என்பதுதான். பயணக் குறிப்பு எழுதுகிறவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதி வளர்த்த பிழை இது. ஐந்து ஆறுகளையும் உன் தாத்தா பார்த்திருக்கிறார், பேருந்தின் சன்னல் வழியாக. பழைய சாலையில் கரந்தையைத் தாண்டும்போது வடவாறு, பள்ளியக்கிரகாரத்தில் வெண்ணாறு, பிறகு வெட்டாறு, கண்டியூரை ஒட்டிக் குடமுருட்டி, ஊருக்குள் நுழையும் முன் காவிரி. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் ஐந்து பாலம். இவற்றில் ஒன்றுகூட மற்றொன்றைத் தேடி வரவில்லை. எல்லாமே பிரிந்து போகிறவை. கல்லணையில் காவிரியும் வெண்ணாறும் பிரிகின்றன; திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் காவிரியிலிருந்து குடமுருட்டி கிளைக்கிறது; தென்பெரம்பூர்ப் பக்கம் வெண்ணாற்றிலிருந்து வெட்டாறும் வடவாறும் கிளைக்கின்றன. சோழநாட்டுச் சமவெளியில் ஆறு என்பது கைவிரல்களைப் போல விரிவது. விரிய விரிய மெலியும். திருச்சியில் அகன்று கிடக்கும் காவிரி, பூம்புகாரில் கடலைத் தொடும்போது வாய்க்கால் அளவுக்கு ஒடுங்கிப்போகிறதே, வழியெல்லாம் துணையாறுகள் கூடியிருந்தால் அது எப்படி நடக்கும்?

‘பஞ்சநதம் என்கிறார்களே, பஞ்சாபில் ஐந்தும் கூடத்தானே செய்கின்றன?’ என்று நீ கேட்கலாம். குழப்பம் அங்கிருந்துதான் வந்தது என்பது என் கணிப்பு. ஜீலம், செனாப், ராவி, பியாஸ், சட்லஜ் ஆகியவை மலையிலிருந்து இறங்கி வருகிறவை; ஒன்றில் ஒன்று விழுந்து, கடைசியில் பஞ்சநத் என்றே பெயர் பெற்ற ஒரே ஆறாகிச் சிந்துவில் சேர்கின்றன. ஐயாற்றுக்கும் வடமொழியில் பஞ்சநதம் என்று பேர் வைத்தார்கள்; இறைவன் பஞ்சநதீசுவரர் ஆனார். சொல் ஒன்றாக இருப்பதால் நிலமும் ஒன்று என்று எண்ணிவிட்டார்கள். மேட்டில் ஆறு கூடும், கழிமுகச் சமவெளியில் பிரியும். படித்தவர்களே இதை மறந்துவிட்டு எழுதுவதுதான் எனக்கு எரிச்சலூட்டுகிறது.

என் ஐந்து பாலக் கணக்குக்கு இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஊர்ப்பெயர் தேவாரத்திலேயே இருக்கிறது. இன்றைய ஐந்து பாலங்களின் கணக்கை ஏழாம் நூற்றாண்டின் மேல் ஏற்றலாமா? நியாயமான கேள்வி. வெட்டாறு என்ற பெயரே, இதை யாரோ வெட்டினார்களோ என்று நினைக்க வைக்கிறது. அதனால் அன்று எண்ணிய ஐந்தும் இன்றைய ஐந்தும் அப்படியே ஒன்று என்று நான் சாதிக்கமாட்டேன். ஆனால் பிரிந்தோடும் ஆறுகள் பழையவை என்பதற்கு ஊர்ப்பெயர்களே சாட்சி. குடமுருட்டியின் பழம்பெயர் கடுவாய். இன்று ஆண்டான்கோயில் எனப்படும் ஊரை அப்பர் பாடியபோது அதற்குப் பெயர் கடுவாய்க்கரைப்புத்தூர். ஆகவே அந்தக் கிளை அப்போதே பெயரும் கரையும் கரைமேல் ஊரும் கொண்டிருந்தது. கண்டியூருக்கு மேற்கே திருப்பூந்துருத்தி இருக்கிறது. துருத்தி என்றால் ஆற்றிடைக்குறை, அதாவது நீரின் நடுவே நிற்கும் நிலம். காவிரிக்கும் குடமுருட்டிக்கும் இடையில் அகப்பட்ட நிலத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. கல்வெட்டைத் தேடி ஓடுகிறவர்கள், பேருந்துப் பலகையில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயரை ஒருதரம் பதம் பிரித்துப் பார்க்கலாகாதா? சித்திரை மாத ஏழூர்த் திருவிழாவில் ஐயாற்றுப் பல்லக்கு சுற்றிவரும் ஊர்களைக் கவனி. பூந்துருத்தியும் அதில் ஒன்று, சோற்றுத்துறை இன்னொன்று. ஒரு பெயரில் துருத்தி, ஒரு பெயரில் துறை, நடுநாயகமாக ஐயாறு. பல்லக்கு சுற்றுவது ஆறுகள் வகிர்ந்த ஒரு நாட்டைத்தான்.

ஐந்து தீர்த்தங்கள் கலந்ததால் ஐயாறு என்று தலபுராணம் சொல்வதாக யாராவது உன்னை மறிக்கலாம். அது நம்பிக்கையின் கணக்கு. அதோடு எனக்கு வழக்கு இல்லை. தொல்காப்பிய உரியியல் ‘ஐ’ என்பதற்கு வியப்பு என்று பொருள் சொல்வதைப் பிடித்துக்கொண்டு ‘வியப்பான ஆறு’ என்று விளக்க வருகிறவர்களும் உண்டு. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐந்து பாலத்தைக் கடந்து ஊருக்குள் போகிறவனிடம் அந்த விளக்கம் எடுபடாது.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் போனது வைகாசியில். பாலத்தின் கீழே மணலும் நாணலும்தான் தெரிந்திருக்கும். மேட்டூரில் தண்ணீர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அதற்குப் பிறகு, ஆடியில் போகச் சொல். நீர்வரத்துக் குறைந்த ஆண்டானால் காவிரிக்குச் சில நாள், வெண்ணாற்றுக்குச் சில நாள் என்று முறை வைத்துத் திறப்பார்கள். ஒரு பாலத்தின் கீழ் கரை தொட்டு ஓடும்போது இன்னொன்றின் கீழ் வெறும் மணல் கிடக்கும். ஆறுகள் கூடுகிற இடத்தில் இப்படி முறை வைக்க வேண்டியதில்லை. கால் வலிக்காது என்றால் திரும்பும்போது தென்பெரம்பூருக்கும் போய்வரட்டும். ஒரே தண்ணீர் ஷட்டர்களுக்கு முன்னால் தயங்கி நின்று, இந்தப் பக்கம் வெண்ணாறாகவும் அந்தப் பக்கம் வெட்டாறாகவும் இறங்குவதை மதகின் மேல் நின்றே பார்க்கலாம். அப்பாயியைக் கைப்பிடிச் சுவரோரம் பத்திரமாக நிற்கச் சொல்.

அன்புடன்,
உன் ஆசிரியன்