ஹைஃபை கருவிக்கு ஏற்ற கம்பி எது?

இனிய ஓசையை விரும்பாதார் இல்லை. விடுதி அறையில் இருவரோ மூவரோ பணம் கூட்டி ஓர் ஆம்ப்ளிபையரும் இரண்டு ஸ்பீக்கர்களும் வாங்கிவிட்டால், அடுத்து எழும் கேள்வி ஒன்றுண்டு: கம்பியை மாற்றினால் ஓசை இன்னும் தெளிவுபெறுமா? கடைக்காரர் ஒருவர் சில நூறு ரூபாய்க்கு ஒரு கம்பியைக் காட்டுகிறார். மற்றொருவர் பல ஆயிரம் ரூபாய்க்கு ஒன்றைக் காட்டித் திரை விலகியதுபோல் இசை கேட்கும் என்கிறார். உதவித்தொகையில் காலம் தள்ளும் மாணவனுக்கு இது சிறிய கேள்வி அன்று. ஒரு திங்கள் உணவுச் செலவே இதில் கரைந்துவிடக்கூடும். விடை காணப் பெரும் புலமை வேண்டா. பள்ளியில் கற்ற ஓம் விதியும் சிறிது பொறுமையும் போதும். அவ்விரண்டையும் துணைக்கொண்டு ஆராய்வோம்.

ஹைஃபை அமைப்பில் கம்பிகள் மூவகைப்படும். ஆம்ப்ளிபையரிலிருந்து ஸ்பீக்கருக்குச் செல்வது முதல் வகை. இசைத்தட்டுக் கருவி, சி.டி. கருவி முதலியவற்றிலிருந்து ஆம்ப்ளிபையருக்குச் செல்லும் மெல்லிய சிக்னல் கம்பி இரண்டாம் வகை. இசையை எண்களாக மாற்றிக் கொண்டுசெல்லும் டிஜிட்டல் கம்பி மூன்றாம் வகை. மூன்றின் தொழிலும் வெவ்வேறு. ஆதலின் மூன்றையும் ஒரே கோலால் அளத்தல் பொருந்தாது.

ஸ்பீக்கர் கம்பி

இங்கு ஆட்சி செய்வது 1827-இல் ஜெர்மானிய அறிஞர் ஓம் வெளியிட்ட விதியே. கம்பி நீண்டால் தடை கூடும், தடித்தால் குறையும். 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள செப்புக் கம்பியில் மீட்டர் ஒன்றுக்குத் தடை ஏறக்குறைய 0.017 ஓம். மின்னோட்டம் போகவும் வரவும் வேண்டுமாதலால், 5 மீட்டர் தொலைவுக்கு 10 மீட்டர் கம்பி எனக் கணக்கிடுக.

நம் நாட்டுக் கடைகளில் 14/76, 23/76, 40/76 என்று கேட்டு இரட்டைக் கம்பி வாங்குகிறோம். முதல் எண் இழைகளின் தொகை. 76 என்பது ஒவ்வோர் இழையின் விட்டமும் 0.0076 அங்குலம் என்பதைக் குறிக்கும். இதன்படி 14/76 கம்பியின் பரப்பு சுமார் 0.41 சதுர மி.மீ.; 23/76 கம்பிக்கு 0.67, 40/76 கம்பிக்கு 1.17. ஆகவே, 5 மீட்டர் தொலைவில் 14/76 கம்பியின் தடை 0.42 ஓம்; 40/76 கம்பியின் தடை 0.15 ஓம்.

இச்சிறு தடை ஓசையை எவ்வாறு மாற்றும்? ஸ்பீக்கரின் முதுகில் 8 ஓம் என்று எழுதியிருப்பினும், அதன் மின்னெதிர்ப்பு எல்லாச் சுருதிக்கும் ஒன்றாக இராது. ஓரிடத்தில் 5 ஓமுக்கு இறங்கும். மற்றோரிடத்தில் 30 ஓமுக்கும் ஏறும். தாழ்ந்த இடத்தில் கம்பி அதிகம் விழுங்கும். உயர்ந்த இடத்தில் குறைவாக விழுங்கும். இவ்வேறுபாடு 14/76 கம்பியில் ஏறக்குறைய 0.6 டெசிபல், 40/76 கம்பியில் 0.2 டெசிபல். முன்னது கூர்ந்து கேட்பவர் காதுக்கு எட்டலாம். பின்னது எட்டுவது அரிது. இன்னும் தடித்த 2.5 சதுர மி.மீ. கம்பிக்குப் போனால் 0.1 டெசிபலாகக் குறையும். அதற்கு மேல் எவ்வளவு செலவிட்டாலும் மிஞ்சியிருப்பதே அவ்வளவுதான்.

கம்பியின் தடை ஸ்பீக்கரின் ஓம் அளவில் நூற்றில் ஐந்துக்கு மேற்படலாகாது என்பது எளிய விதி. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 0.4, 4 ஓம் ஸ்பீக்கருக்கு 0.2. இதனை மனத்திற்கொண்டால் கடையில் மயங்க வேண்டியதில்லை.

செம்பின் தூய்மை

விலை உயர்ந்த கம்பிகளின் விளம்பரத்தில் 'ஆக்சிஜன் நீக்கிய செம்பு' என்ற சொல்லைக் காணலாம். தூய்மை முக்கியம் என்பது வெறுங்கதை அன்று; அதற்கு ஒரு வரலாறு உண்டு. அட்லாண்டிக் கடலடித் தந்திக்கான பணிகள் நடந்துவந்த 1857-இல், கிளாஸ்கோப் பேராசிரியர் வில்லியம் தாம்சன் சந்தையில் கிடைத்த செம்பு வகைகளை அளந்து பார்த்தார். பின்னாளில் கெல்வின் பிரபு எனப் பெயர் பெற்றவர் இவரே. ஒரே தடிமனுள்ள கம்பிகளிடையே கூட மின்சாரத்தைக் கடத்தும் ஆற்றல் பெரிதும் வேறுபடுவதைக் கண்டார். அக்காலத்தில் நல்ல செம்பைத் தேர்ந்தெடுத்தல் மெய்யாகவே பயன் தந்தது.

ஆனால் 1913-இல் செம்பின் கடத்துதிறனுக்குப் பன்னாட்டு அளவுகோல் ஒன்று வகுக்கப்பட்டது. அதனை 100 என்று கொண்டால், இன்று மின்கம்பிக்குப் பயன்படும் சாதாரணச் செம்பே 100-ஐ எட்டிவிடுகிறது; ஆக்சிஜன் நீக்கிய செம்பு 101 அளவில் நிற்கிறது. வெள்ளியோ 106 அளவுதான். இந்த ஆறு பங்கை அடைய வெள்ளி வாங்க வேண்டா; செப்புக் கம்பியை அதே அளவு தடிப்பாக வாங்கினால் போதும்.

அஞ்ச வேண்டியது வேறொன்று. அலுமினியத்தின் மேல் செம்பு பூசி, செம்பு போலவே விற்கும் மலிவுக் கம்பிகள் சந்தையில் உண்டு. அலுமினியத்தின் கடத்துதிறன் 61 அளவே. இழையொன்றைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். மேலே சிவந்தும் உள்ளே வெளுத்தும் இருந்தால் அது அலுமினியம். மேலே வெளுத்து உள்ளே சிவந்திருந்தால் ஈயம் பூசிய செம்பு, அதனால் குறையில்லை.

சிக்னல் கம்பி

இதில் ஓடும் மின்னோட்டம் மிகச் சிறிது. எனவே தடிமன் பொருட்டன்று. இங்கு கவனிக்க வேண்டியவை இரண்டு: வெளி இரைச்சலைத் தடுக்கும் உறை, கம்பியின் மின்தேக்குதிறன். சாதாரண உறைக் கம்பியில் மீட்டருக்கு 100 பிக்கோஃபாரடு எனக் கொள்வோம். 1,000 ஓம் வெளியீட்டுத் தடையுள்ள கருவியுடன் 2 மீட்டர் கம்பியை இணைத்தால், இழப்புத் தொடங்கும் எல்லை 8 இலட்சம் ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். மனிதக் காது கேட்பதோ 20,000 ஹெர்ட்ஸ் வரையே. ஆகவே கவலை இல்லை.

ஒரு விலக்கு மட்டும் உண்டு; அது இசைத்தட்டுக் கருவி. அதன் காந்த ஊசிமுனையில் அரை ஹென்றி அளவு தூண்டம் இருக்கக்கூடும். அத்துடன் கம்பியும் ஆம்ப்ளிபையரும் சேர்ந்து 300 பிக்கோஃபாரடு ஆனால், ஒத்ததிர்வு 13,000 ஹெர்ட்ஸில் நேர்ந்து, கேட்கும் எல்லைக்குள்ளேயே ஓசையின் நிறத்தை மாற்றும். 150 ஆகக் குறைத்தால் அது 18,000-க்கு மேல் விலகிப்போகும். கம்பியை மாற்றினால் ஓசை மாறும் என்று துணிந்து கூறத்தக்க இடம் இதுவே. அங்கும் வேண்டுவது விலை அன்று. ஊசிமுனையைச் செய்தவர் குறித்துள்ள அளவுக்குப் பொருந்தும் குட்டைக் கம்பி.

'உம்' என்ற இரைச்சல் எழுந்தால், அது பெரும்பாலும் மண்ணிணைப்பு வளையத்தால் வருவது. நம் நாட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வே அது. கருவிகள் அனைத்தையும் ஒரே மின்பலகையில் செருகிப் பாருங்கள். சிலர் பிளக்கின் மண்ணிணைப்புக் காலையே நீக்கிவிடுவர். இசைக்காக உயிரைப் பணயம் வைக்கும் செயல் அது, ஒருபோதும் செய்யலாகாது.

டிஜிட்டல் கம்பியைப் பற்றி அதிகம் கூற வேண்டியதில்லை. எண்கள் சரியாகச் சென்று சேர்ந்தால் இசை முழுமையாக வரும். பிழைபட்டால் விட்டுவிட்டுக் கேட்கும், அல்லது நின்றுபோகும். 'வெண்கலத்தின் இனிமை' எண்களில் ஏறி வருவதில்லை.

காதைச் சோதிக்கும் முறை

"கணக்கு கிடக்கட்டும், என் காதால் கேட்டேனே" என்று நண்பர் கூறலாம். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் நாட்டுப் பழமொழி. தீர விசாரிக்கும் வழி இது. ஒருவர் திரைக்குப் பின் அமர்ந்து, நாணயத்தைச் சுண்டி, விழுந்தபடி கம்பியை இணைத்து, எதுவென்று தாளில் குறித்துக்கொள்ளட்டும். கேட்பவரிடம் அவர் ஒன்றும் பேசலாகாது. இரு கம்பிக்கும் ஓசையின் அளவை ஒன்றாக வைத்தல் மிக இன்றியமையாதது. சற்று உரத்துக் கேட்பதையே காது தெளிவு என்று மயங்கும். மிருதங்கத்தின் தொப்பி ஒலியும் வீணையின் மீட்டலும் உள்ள ஒரே பகுதியைப் பத்து முறை கேட்டு, எந்தக் கம்பி என்று கூறவேண்டும். ஒன்பதோ பத்தோ சரியானால் வேறுபாடு உண்டென்று கொள்ளலாம். வெறும் ஊகத்தால் அவ்வளவு சரியாவது நூற்றில் ஒரு முறையே நிகழும். ஐந்தோ ஆறோ சரியானால், கையிலுள்ள பணம் கையிலேயே இருக்கட்டும்.

முடிவாக, செய்யத்தக்கவை இவை. ஸ்பீக்கரின் சிவப்பு முனை ஆம்ப்ளிபையரின் சிவப்பு முனையோடும், கறுப்பு கறுப்போடும் சேர்ந்துள்ளதா என்று பாருங்கள். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறியிருந்தால் தாழ்ந்த ஓசை குன்றிவிடும். திருத்தக் காசு வேண்டியதில்லை. முனைகளைத் துடைத்து இறுக்குங்கள். 14/76 இருந்தால் 40/76 ஆக்குங்கள். தொலைவு மிகுந்தால் 2.5 சதுர மி.மீ. வாங்குங்கள். மிஞ்சும் பணத்தை நல்ல ஸ்பீக்கருக்கோ நல்ல இசைத்தட்டுக்கோ சேர்த்து வையுங்கள். அப்பணம் தரும் இன்பத்தைத் திரைபோட்டுச் சோதிக்க வேண்டிய தேவையே இராது.