டாக்சிசைக்ளின் மாத்திரையை உட்கொள்ளும் முறை

நன்செய் நிலங்களில் உழைப்போருக்கு மழைக்காலத்திலும் அதனை அடுத்த மாதங்களிலும் காணும் ஜுரங்களுள் இரண்டு முக்கியமானவை. ஒன்று, எலிகளின் மூத்திரம் கலந்த வயல்நீர் காலிலுள்ள வெடிப்பு, புண் ஆகியவற்றின் வழியே உட்புகுவதால் உண்டாகும் எலிக்காய்ச்சல். மற்றொன்று, வரப்புப் புதர்களிலும் புல்லிலும் வசிக்கும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிற்றுண்ணியின் இளம்பூச்சி கடிப்பதால் வரும் உண்ணிக்காய்ச்சல். பின்னதில், கடிபட்ட இடத்தில் நெருப்புச் சுட்டது போன்ற கரும்பொருக்கு பலரிடம் காணப்படும். இவ்விரு ஜுரங்களுக்கும் வைத்தியர்கள் பெரும்பாலும் எழுதிக் கொடுப்பது டாக்சிசைக்ளின் என்னும் மாத்திரையாகும்.

இம்மருந்தின் வமிசம் மண்ணிலிருந்தே தோன்றியது என்பது பயிர்த்தொழில் செய்வோருக்கு உவப்பான செய்தி. அமெரிக்காவில் மிசௌரி சர்வகலாசாலையின் பரிசோதனை வயலிலிருந்து எடுத்த மண்ணில் வாழ்ந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து, பெஞ்சமின் டக்கர் என்னும் தாவர சாஸ்திரி ஆரியோமைசின் என்ற மருந்தைக் கண்டறிந்து 1948-இல் வெளியிட்டார். அவர் பணிபுரிந்த லெடர்லே ஆராய்ச்சி நிலையத்தின் தலைவராக விளங்கியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். அதே குடும்பத்தைச் சேர்ந்த டாக்சிசைக்ளின் 1967-இல் வழக்கத்திற்கு வந்தது.

மாத்திரை கைக்கு வந்துவிட்டால் வியாதி தீர்ந்ததென்று எண்ணலாகாது. மருந்தின் உஷ்ணம் தணியவேண்டுமென்று பாலுடன் விழுங்கும் வழக்கம் நம் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. இம்மருந்திற்கு அது தகாது. பாலிலும் தயிரிலும் உள்ள சுண்ணாம்புச் சத்து மருந்தைப் பற்றிக்கொள்வதால், அதில் ஒரு பகுதி இரத்தத்தில் சேராமல் வீணாகிறது. வயிற்றெரிச்சலுக்காகச் சாப்பிடும் மருந்துகளும், இரத்தசோகைக்காகப் பெண்களுக்குக் கொடுக்கப்படும் இரும்புச்சத்து மாத்திரையும் இதைவிட அதிகமாகக் கெடுப்பவை. இவற்றிற்கும் டாக்சிசைக்ளினுக்கும் இடையே குறைந்தது 2 மணி நேரமாவது செல்ல வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை அந்நாட்களில் நிறுத்தி வைக்கலாமா என்று வைத்தியரிடமே கேட்டுக்கொள்வது இன்னும் நன்று. வெறும் வயிற்றில் குமட்டல் உண்டாகுமாயின் சோறோ இட்டிலியோ உண்டபின் விழுங்கலாம். அதனால் பெரிய குறைவு இல்லை.

விழுங்கும்போது ஒரு மடக்குத் தண்ணீர் போதாது. ஒரு முழு டம்ளர் வேண்டும். நின்றுகொண்டோ நிமிர்ந்து உட்கார்ந்தோ விழுங்கி, அதன்பின் அரைமணி நேரமேனும் படுக்காமலிருத்தல் அவசியம். மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அவ்விடம் புண்ணாகிவிடும். பின்னர் உமிழ்நீரை விழுங்குவதே வேதனையாகும். ஜுரத்தால் சோர்ந்து பாயில் கிடப்பவருக்குப் படுத்தபடியே வாயில் இடுவது இரக்கமன்று.

வெயில் விஷயம் குடியானவர்கள் விசேஷமாகக் கவனிக்க வேண்டியது. இம்மருந்து உடலில் இருக்கும் நாட்களில் சிலருக்குச் சாதாரண வெயிலே தோலைச் சுட்டு, சிவந்து எரியச் செய்யும். உண்ணிக்காய்ச்சல் பெரும்பாலும் 2 நாட்களுக்குள் தணிந்துவிடும். தணிந்தவுடன் நோயாளி மண்வெட்டியுடன் வயலுக்குப் புறப்படுவார். அங்ஙனம் புறப்படுவதில் கேடு இரண்டு: உடல் வெயிலில் வேகும், மீதி மாத்திரைகளும் மறக்கப்படும். பெரியவர்களுக்கு வழக்கமாக 100 மில்லிகிராம் வீதம் தினம் இருவேளை சுமார் ஒரு வாரம் கொடுக்கப்படுகிறது. அளவையும் நாட்களையும் தீர்மானிப்பவர் வைத்தியரே. ஜுரம் விட்டதென்று அவரைக் கேளாமல் நிறுத்தலாகாது. வெளியே செல்வது தவிர்க்க முடியாதாயின் முழுக்கைச் சட்டையும் தலைப்பாகையும் அணிந்து, உச்சி வெயிலை விலக்குக. ஒரு வேளை தவறிவிட்டால் நினைவு வந்தவுடன் விழுங்கலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டாலோ விட்டதை விட்டுவிடுக. இரண்டையும் சேர்த்து விழுங்கற்க.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தம் நிலையை முன்னதாகவே வைத்தியரிடம் கூற வேண்டும். அவர்களுக்கு வேறு மருந்து தர இயலும். குழந்தைகளுக்குரிய அளவு எடையைப் பொறுத்ததாகையால், பெரியவர் மாத்திரையை வீட்டில் பாதியாக உடைத்துக் கொடுப்பது தவறு. மாத்திரை உண்டபின் உடலில் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல், கடுமையான தலைவலியுடன் பார்வை மங்கல், ஓயாத வயிற்றுப்போக்கு ஆகியவற்றுள் எது கண்டாலும் மறுவேளை மாத்திரைக்குக் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குச் செல்க. மஞ்சள் காமாலை, மூத்திரம் குறைதல், மூச்சிரைப்பு, மயக்கம் ஆகியவை வியாதி முற்றியதன் அறிகுறிகள். அந்நிலையில் வீட்டிலிருந்து மாத்திரையை நம்புதல் உயிருக்கு அபாயம்.

அண்டை வீட்டார் மிச்சம் வைத்ததை வாங்கி உண்பது, மாட்டிற்கென வாங்கிய டெட்ராசைக்ளின் வகை மருந்தை மனிதர் உபயோகிப்பது, காலங்கடந்ததைப் பெட்டியிலிருந்து தேடி எடுப்பது ஆகிய மூன்றும் நிலச்சொந்தக்காரர்கள் தம் பண்ணையாட்களிடையே கண்டு தடுக்கக்கூடியவை. கெட்டுப்போன டெட்ராசைக்ளின் சிறுநீரகத்தைப் பாதித்ததுண்டு.

வெள்ளத்திற்குப் பின் எலிக்காய்ச்சலைத் தடுக்கவும் இம்மருந்து அளிக்கப்படுவதுண்டு. 2018-இல் கேரள வெள்ளத்தின்போது அவ்வாறு செய்தனர். அம்முறையில் பெரியவர்களுக்கு வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் அளவே வழங்கப்படுகிறது. அது சிகிச்சைக்குரிய அளவன்று. ஆகவே கிராம அலுவலர்கள் சுகாதார இலாகாவினரின் உத்தரவும் பட்டியலும் இன்றி மாத்திரைகளை விநியோகிக்கலாகாது. பெற்றுக்கொண்டவருக்குப் பின்னர் ஜுரம் கண்டால், அவரை அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்பி, முன்னர் மாத்திரை உண்ட தேதியையும் அங்கே தெரிவிக்கச் செய்ய வேண்டும்.